மாரித் தூண்டிலில் மீன் ஏறாவிட்டால் கொளுக்கியில் இருந்து பாருங்கள்

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட எனக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருக்கிறது. கார்த்திகை மழையில் முத்தையன்கட்டுக் குளம் ஏறத் தொடங்கினால், ரியூப்புக்கு ஒட்டுப் போட வருகிறவர்களோடு தூண்டில் தடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் சேர்ந்துவிடுவார்கள். சைக்கிள் திருத்துகிறவனுக்கு றீலும் தெரியும் என்று யார் கதை கட்டிவிட்டார்களோ தெரியாது. கனடாவில் இருந்தும் நோர்வேயில் இருந்தும் மார்கழி விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர் பளபளக்கும் றீல்களைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மிச்சப் பாடு என் தலையில்.

வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "அண்ணை, றீல் பழுது." கழற்றிப் பார்த்தால் றீல் நன்றாக இருக்கும். கொளுக்கி மழுங்கியிருக்கும், இல்லாவிட்டால் முடிச்சு வழுக்கியிருக்கும். அதனால் என் வழக்கம் இது: கொளுக்கியில் தொடங்கிக் கைப்பிடி நோக்கி வருவது. கொளுக்கி, முடிச்சு, தங்கூசி (நைலோன் நூல்), தடி வளையம், கடைசியில்தான் றீல். செலவும் அந்த ஒழுங்கில்தான் ஏறும்.

ஒன்றுமே கொத்தவில்லை

இதற்கு மட்டும் கொளுக்கிக்கும் முன்னால் தண்ணீரைப் பாருங்கள்.

*தண்ணீர் பால்தேநீர் போலக் கலங்கியிருக்கிறதா?* இரவு முழுக்கப் பெய்த மழைக்கு மறுநாள் பேராற்றிலும் கனகராயன் ஆற்றிலும் குளங்களுக்குள் தண்ணீர் இறங்கும் முகப்பு இப்படித்தான் இருக்கும். நடுக்குளத்துக்கு எறிந்து பயனில்லை. தண்ணீர் புதிதாக ஏறிய அலைகரைப் புல்லுக்குள் மீன் வந்துவிடும், ஏனென்றால் புழுவும் பூச்சியும் அங்கேதான் தண்ணீருக்குள் அகப்படுகின்றன. முழங்கால் அளவு ஆழம்கூட இல்லாத இடத்தில் எறிய மனம் வராது. எறியுங்கள். கலங்கலில் மீனுக்குக் கண் உதவாது, மணம்தான் உதவும். இரைக்குப் பதில் கட்டும் மின்னுகிற தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு மண்புழுவைக் கோர்த்துவிடுங்கள்.

*தண்ணீர் தெளிவு, ஆனால் விடியற்காலையா?* தை மாதப் பனிக்குள் நடுங்கிக்கொண்டு போய் நிற்பதில் ஒரு வீரம் இருக்கலாம், மீன் இருக்காது. திலாப்பியா ஆபிரிக்காவில் இருந்து 1952 அளவில் நம் குளங்களுக்குக் கொண்டுவந்து விட்ட மீன். தண்ணீர் குளிர்ந்தால் சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறி 9, 10 மணியானதும் போங்கள், கரையோரத்தில் வெயில் விழும் ஆழங்குறைந்த பக்கமாகப் பாருங்கள். நோர்வேயில் இருக்கும் மச்சானும் இதைத்தான் சொல்வான். அங்கே பனிக்காலத்தில் ஆற்றில் ட்ரௌட் மீனுக்குப் போவதே மத்தியானத்தை ஒட்டித்தானாம். தண்ணீர் கொஞ்சம் சூடேறினாலே மீன் அசையத் தொடங்கும்.

*குளம் நிரம்பி வான் பாய்கிறதா?* மீன் பாய்ச்சலை எதிர்த்து ஏறும். வானுக்குக் கீழே, பாய்ச்சல் கல்லில் முட்டித் திரும்பும் சுழிகளில் நிற்கும். ஆனால் வான்கதவு வைத்த பெரிய குளங்களில் கதவுக்கு நேரே கீழே இறங்க வேண்டாம். 2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றும் சரி, இன்னும் ஒன்றும் இல்லை என்றால் குளத்தில் வலை போடும் மீன்பிடிச் சங்கத்து ஆக்களிடம் கேளுங்கள். எந்தப் பக்கம் வலை கிடக்கிறது, எங்கே குஞ்சு விட்டிருக்கிறார்கள், எங்கே தூண்டில் போடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அனுமதியும் அவர்களிடம் கேட்க வேண்டியதுதான்.

தக்கை துடிக்கிறது, இரை போகிறது, மீன் ஏறவில்லை

அதிகம் வரும் முறைப்பாடு இது. கொளுக்கியின் கூரை நகத்தின் மேல் சாய்த்து மெல்ல இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர், வழுக்கினால் மழுங்கல். சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு, அல்லது புதுக் கொளுக்கி. இதற்குமேல் செலவு இல்லை.

கூர் சரியென்றால் அளவைப் பாருங்கள். கொளுக்கிப் பெட்டியில் இலக்கம் கூடக் கூடக் கொளுக்கி சிறிதாகும். இது பலருக்குத் தலைகீழாகத்தான் தெரியும். திலாப்பியாவின் வாய் சின்னது, 8 அல்லது 10 ஆம் இலக்கம் போதும். விராலுக்கு வாங்கிய பெரிய கொளுக்கியில் கோதுமை மா உருண்டை வைத்தால் அது மாவைச் சுற்றிச் சுற்றிக் கொறித்துவிட்டுப் போய்விடும்.

அடுத்தது இரை. மண்புழுவின் வால் இரண்டு அங்குலம் தொங்கினால் கெண்டைக் குஞ்சுகள் அந்த வாலைத்தான் இழுக்கும். தக்கை துடிதுடியென்று துடிக்கும், ஆனால் ஒருபோதும் முழுதாக மூழ்காது. துண்டாக்கிக் கொளுக்கியை மூடும் அளவுக்குக் கோர்த்துவிடுங்கள்.

இனித் தக்கை. படுத்தே கிடந்தால் ஈயம் தரையில் தட்டிவிட்டது, ஆழத்தைக் குறையுங்கள். தண்ணீருக்கு மேல் கனக்க நிமிர்ந்து நின்றால் மீன் அதை இழுக்கப் பாரம் உணர்ந்து துப்பிவிடும், இன்னொரு ஈயத்தைக் குறட்டால் அமுக்கிப் போடுங்கள். கடையில் விற்கும் உருண்டைப் பிளாஸ்டிக் தக்கையைவிட மயிலிறகுத் தண்டு எனக்குப் பிடிக்கும். ஒரு விரற்கடை மட்டும் மேலே தெரியும்படி நிற்கும், கெண்டை தொட்டாலும் காட்டிக்கொடுக்கும். வன்னியில் மயிலிறகுக்கா பஞ்சம்.

விரால் றப்பர் தவளையை அடிக்கிறது, இழுத்தால் வெறும் தவளை வருகிறது

இது பொருளின் பழுதல்ல, கையின் பழுது. ஆம்பல் இலைக்கு மேல் "டொப்" என்று அடித்த சத்தம் கேட்டதும் நெஞ்சு துள்ளும், கை தானாக இழுக்கும். இழுக்காதீர்கள். விரால் அடித்துவிட்டுத் திரும்பி வாயை மூட இரண்டு, மூன்று நொடி கொடுங்கள். நூல் ஒரு பக்கமாக நகர்வது தெரிந்தபின் தடியை நிமிர்த்துங்கள். நான் பெடியளுக்குச் சொல்வது, "முறிகண்டிப் பிள்ளையாரே என்று வாய்விட்டுச் சொல்லி முடித்துவிட்டு இழு." அளவான நேரம் அது.

பொறுத்தும் ஏறவில்லையா? தவளையின் இரண்டு கொளுக்கியும் றப்பர் உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். குறட்டால் மிக மெல்ல வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். கனக்க வளைத்தால் ஒவ்வொரு புல்லிலும் மாட்டும். பிறகு தவளையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் நிறைந்து கல்லுப்போல் இருந்தால் மீன் கடிக்கும்போது றப்பர் அமுங்காது, கொளுக்கியும் வெளியே வராது. பிழிந்து எடுங்கள்.

தடி மென்மையாக இருந்தாலும் இதே குறிதான். மூங்கில் போல வளைகிற திலாப்பியாத் தடியால் விராலின் கடின வாய்க்குள் கொளுக்கியை ஏற்ற முடியாது. இது செலவுள்ள வழி, ஆகவே கடைசியில்.

ஒரு விஷயம். தண்ணீர் மேல் செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று கொப்பளித்துக்கொண்டு போனால் அதன் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த இடத்தில் எதை எறிந்தாலும் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்தால் குஞ்சு முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். நான் அந்த இடத்தைவிட்டு நடந்துவிடுவேன்.

மீன் ஏறியது, நூல் அறுந்துவிட்டது

அறுந்த நுனியை எறிந்துவிடாதீர்கள். யாராவது "அறுந்துட்டுது அண்ணை" என்று வந்தால் நான் முதலில் கேட்பது அந்த நுனியைத்தான்.

*நுனி பன்றி வால்போலச் சுருண்டிருக்கிறது.* முடிச்சு அவிழ்ந்து வழுகியிருக்கிறது, நூலில் குற்றமில்லை. சாதாரணத் தங்கூசிக்கு ஐந்து சுற்றுச் சுற்றி நுனியைத் திருப்பி நுழைக்கும் முடிச்சுப் போதும். ஆனால் இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசும் சூட்டில் தங்கூசி வலுவிழக்கும். பின்னல் நூல் என்றால் அந்த முடிச்சு வழுக்கும். நூலை இரட்டையாக மடித்துக் கொளுக்கிக் கண்ணுக்குள் விட்டு, இரட்டையாகவே ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, மிஞ்சும் வளையத்துக்குள் கொளுக்கியையே நுழைத்து இழுங்கள். இருட்டிலும் போடலாம்.

*நுனி உரசி மயிர்மயிராக இருக்கிறது.* விராலின் பல், கல்லு, பட்ட மரம், இல்லாவிட்டால் தடியின் வளையம். கடைசி ஒரு முழத்தை விரலிடுக்கில் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடியுங்கள். அடிக்கடி நடந்தால் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் சுற்றி இழுங்கள். பஞ்சு எங்கே பிடிக்கிறதோ அந்த வளையம் வெடித்திருக்கிறது. வளையம் மாற்றுவது கொஞ்சம் நுணுக்கமான வேலை, நூல் கட்டிப் பசை பூசத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

*நுனி நேராக, சுத்தமாக அறுந்திருக்கிறது, தங்கூசி வெளிறிப்போயிருக்கிறது.* வெயில் தின்றுவிட்டது. கோடை முழுக்க மோட்டார்சைக்கிளிலோ தாழ்வாரத்திலோ கிடந்த றீல் இப்படித்தான் ஆகும். ஒரு முழத்தைக் கையில் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் தையல் நூல்போல அறும். மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரு கடையில் எனக்கே வெளிறின தங்கூசியைப் புதிதென்று தந்து அனுப்பிவிட்டார்கள். வெயில் படும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வாங்காதீர்கள்.

*மூன்றும் இல்லை, நுனி நன்றாக இருக்கிறது, ஆனால் பெரிய மீன் என்றாலே அறுகிறது.* இங்கேதான் முதல்முறையாக றீலைத் தொடுகிறோம். முன்னால் இருக்கும் ட்ராக் குமிழைப் பெடியள் முடியும் மட்டும் முறுக்கி வைத்திருப்பார்கள். மீன் ஓடினால் நூல் விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் குமிழ். தராசு தேவையில்லை. 10 இறாத்தல் தாங்கும் தங்கூசி என்றால் 1.5 லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி நுனியில் கட்டித் தூக்குங்கள். போத்தல் மெல்ல மெல்லக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல் தொங்கினால் இறுக்கம் கூட, தடாலென்று விழுந்தால் இளக்கம். விட்டுவிட்டு, குலுங்கிக் குலுங்கி இறங்கினால் உள்ளே இருக்கும் தட்டுகளில் மண் அல்லது ஈரம். குமிழைக் கழற்றித் தட்டுகளை வரிசை மாறாமல் எடுத்துத் துடைத்துக் காய வையுங்கள். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வரிசை மறந்துபோய் ஒரு பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் வருடாவருடம் பார்க்கிறேன்.

தங்கூசி முறுகிச் சிக்குப்படுகிறது

மீன் நூலை இழுத்து ஓடும்போது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தீர்களா? அதுதான். மீன் ஓடும்போது சுற்றக்கூடாது, ஒவ்வொரு சுற்றும் நூலில் ஒரு முறுக்கு. இல்லையென்றால் சுழலும் தகட்டை, முறுக்கு நூலில் ஏறாமல் தடுக்கும் சுழலி இல்லாமல் நேரே கட்டியிருப்பீர்கள்.

முறுக்கை எடுக்க நூலை வெட்ட வேண்டாம். கொளுக்கி, ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் துருசுக்குக் கீழே ஓடும் வாய்க்காலில் வெறும் நூலை விடுங்கள். 30, 40 மீற்றர் போகட்டும். ஐந்து நிமிடத்தில் ஓட்டமே முறுக்கை அவிழ்த்துவிடும். இரண்டு விரலால் பிடித்து இறுக்கமாகச் சுற்றி எடுங்கள்.

முறுக்கு இல்லாமல் வளையம் வளையமாகக் கொட்டினால் உருளையில் நூல் கூடிவிட்டது. விளிம்புக்கு 2, 3 மில்லிமீற்றர் கீழே நிற்க வேண்டும்.

றீல் கரகரக்கிறது, அல்லது பின்னுக்குச் சுற்றுகிறது

கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம் மண். வெளியே நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி நிழலில் காய வையுங்கள். குழாயைப் பிடித்துப் பீச்சியடித்தால் மண் உள்ளே போகும். நூல் உரசிப் போகும் சின்ன உருளைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. பாதிச் சத்தம் அதோடு நின்றுவிடும்.

கைப்பிடி பின்பக்கமாகவும் சுற்றினால் முதலில் அடியில் இருக்கும் சின்ன நெம்பைப் பாருங்கள், யாராவது தட்டிவிட்டிருப்பார்கள். அது சரியென்றால் உள்ளே பின்சுற்றைத் தடுக்கும் உருளைத் தாங்கிக்குள் கிறீஸ் புகுந்துவிட்டது. இதில் என் குற்றமும் உண்டு. தொடக்கத்தில் சைக்கிள் அச்சுக்குப் பூசுவதுபோல றீலுக்கும் கிறீஸை அள்ளிப் பூசினேன், மூன்று றீல் பின்னுக்குச் சுற்றின. அந்தத் தாங்கியை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு ஒரேயொரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிறீஸ் பற்சக்கரத்துக்கு மட்டும்.

பல்லு உடைந்து தட்டுத்தட்டென்று குதித்தால் நான் கையை விரித்துவிடுவேன். மலிவான றீல் என்றால் புதியது வாங்குங்கள். விலையான றீல் என்றால் கொடுத்த சொந்தக்காரரிடமே உதிரிப்பாகம் கேளுங்கள்.

நோர்வேத் தடி: நூல் குழைந்து எறிபடவில்லை

மச்சான் விட்டுப்போன ஈத்தூண்டில் தடி ஒன்று என் கடைச் சுவரில் தொங்குகிறது. இதில் ஈயமோ தக்கையோ இல்லை. தடித்த நூலின் பாரத்தால்தான் இறகால் கட்டிய பொய்ப் பூச்சியை எறிகிறார்கள். ட்ரௌட் நம் நாட்டில் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிக் குளிரோடைகளில்தான் உண்டு, வெள்ளைக்காரர் 1880களில் கொண்டுவந்து விட்டது. வன்னிக் குளம் அதற்குக் கொதிதண்ணீர். ஆனால் பூச்சியைத் திலாப்பியாவும் கெண்டையும் எடுக்கின்றன.

மத்தியானத்தில் நூல் சேமியாபோலக் குழைந்து வளையங்களில் ஒட்டினால், அது குளிர் நாட்டுக்குச் செய்த நூல். அங்கே தடி வளையத்தில் ஐஸ் பிடிப்பதுதான் தொல்லையாம். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து நிழலில் வைத்தால் கொஞ்சம் தேறும். நிரந்தர வழி, வெப்ப நாட்டு நூல். வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். தடியில் 5 என்று இருந்தால் நூலும் 5 ஆக இருக்க வேண்டும். நூல் சரி, இன்னும் காலடியில் குவிகிறது என்றால் தடியைப் பின்னால் கனக்கச் சாய்க்கிறீர்கள். மணிக்கூட்டு முள்ளில் 10க்கும் 1க்கும் இடையில் நிறுத்துங்கள். வாடைக் காற்றுக்கு எதிரே எறிய முயல வேண்டாம், மச்சானாலேயே முடியவில்லை.

கொளுக்கி அடியில் மாட்டிவிட்டது

தடியை வளைத்து இழுத்தால் தடி முறியும். முதலில் நூலை இளக்குங்கள், பாதி நேரம் அதுவே கழன்றுவிடும். பிறகு மாட்டிய இடத்துக்கு மறுபக்கமாக நடந்து இழுங்கள். அதுவும் முடியாவிட்டால் நூலை ஒரு தடித்த கம்பில் சுற்றி நேராக இழுத்து அறுங்கள். கையில் சுற்றினால் பின்னல் நூல் எலும்புவரை வெட்டும். ஒரு கொளுக்கிக்காகத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், நம் குளங்களில் முதலை உண்டு. வலையில் மாட்டியிருந்தால் வலையை வெட்டாமல் உங்கள் நூலை வெட்டுங்கள், அது ஒருவரின் ஒரு மாதச் சோறு.

இழுக்க இழுக்கப் பாரமாக, மெல்ல அசைந்து வருகிறதா? இரும்பு போலத் தெரிகிறதா? அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 2009இல் போர் முடிந்த பிறகும் எங்கள் மண்ணும் குளமும் வெடிபொருள் எல்லாவற்றையும் வெளியே தந்துவிடவில்லை, பெருமழை புதைந்ததைக் கிளப்பும். நூலை வெட்டி, வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, ஏதாவது அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கு 119இல் சொல்லுங்கள். என்னவென்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாம். சிவப்பில் மண்டையோடு போட்ட பலகை இருக்கும் பக்கம் எவ்வளவு நல்ல மீன் இருந்தாலும் எங்களுக்கு இல்லை.

பழுது உங்கள் உடம்பில் என்றால்

சுங்கானோ கெளுத்தியோ முள்ளால் குத்தினால் கை தாங்கும் சூட்டுத் தண்ணீருக்குள் அரை மணி நேரத்துக்குமேல் வைத்திருங்கள். தாங்க முடியாத நோவு அதில் இறங்கும். குத்திய கையால் சூடு பார்க்காதீர்கள், மற்றக் கையால் பாருங்கள். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ ஆசுப்பத்திரி, ஏற்பு ஊசியும் அங்கே போடுவார்கள்.

கொளுக்கி எதிர்முள்வரை தசைக்குள் போய்விட்டால் நூலை வெட்டிவிட்டு அப்படியே ஆசுப்பத்திரிக்குப் போங்கள், குறட்டால் இழுத்துக் கிழிக்க வேண்டாம். கண்ணுக்குக் கிட்ட என்றால் ஒரு துணியால் கூடத் தொடாதீர்கள். பின்னேரம் வரம்பால் திரும்பும்போது டோர்ச் இல்லாமல் நடக்காதீர்கள், புடையன் பாம்பு கிடக்கும். கடித்துவிட்டால் கட்டும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

கடைசியாக, குளத்துக்குள் நின்று ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்காலில் கடுமையான உளைவு, கண் சிவப்பு வந்தால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மாரியில் வயலுக்குள்ளும் குளத்துக்குள்ளும் இறங்குகிறவர்களைத்தான் அது பிடிக்கும், பிந்தினால் சிறுநீரகத்தில் கைவைக்கும். வைத்தியரிடம் போனதும், அவர் கேட்குமுன்னரே, எந்தக் குளத்தில் எத்தனை நாள் நின்றீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.